கால்நடை விந்தகத்தில் ஸ்டெம் செல்களை அடையாளம் காண்பது எப்படி? ஆய்வக மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

முதிர்ந்த காளை ஒன்றின் விந்தகங்கள் நாளொன்றுக்குப் பல நூறு கோடி விந்தணுக்களை உருவாக்குகின்றன. இவ்வளவு பெரிய உற்பத்திக்கும் மூலமாக இருப்பவை, விந்தாக்க நுண்குழல்களின் அடித்தளச் சவ்வை ஒட்டிக் கிடக்கும் மிகச் சில ஸ்டெம் செல்களே. இந்தச் செல் பிரியும்போது ஒரு பங்கு தன்னைப் போன்ற ஸ்டெம் செல்லாகவே நீடிக்கிறது. மற்றொரு பங்கு விந்தணுவாக மாறும் பாதையில் இறங்குகிறது. சுண்டெலியில் நடந்த கணக்கெடுப்பின்படி, விந்தகத்திலுள்ள இனப்பெருக்கச் செல்கள் 10,000-க்கு ஏறத்தாழ 3 மட்டுமே தனித்து நிற்கும் ஏ-வகை விந்துத் தாய்ச்செல்கள், அதாவது விந்தாக்கப் பாதையின் தொடக்கநிலைச் செல்கள். அவற்றிலும் அனைத்தும் ஸ்டெம் செல்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த அரிய செல்லைக் கண்டுபிடிக்கும் வேலையில் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கால்நடைகளில் விந்தணு ஸ்டெம் செல்லை மட்டும் தனியே காட்டிக்கொடுக்கும் அடையாளப் புரதம் எதுவும் இன்றுவரை நம் கையில் இல்லை. நாம் பயன்படுத்தும் புரதங்கள் யாவும் வேறுபாடடையாத விந்துத் தாய்ச்செல்கள் என்ற சற்றுப் பெரிய கூட்டத்தையே சுட்டுகின்றன. தனியாக நிற்பவை, இரட்டையாக நிற்பவை, செல்பாலங்களால் இணைந்து சங்கிலியாக நீள்பவை ஆகிய மூன்றும் அக்கூட்டத்தில் அடங்கும். ஒரு செல் ஸ்டெம் செல்தானா என்பதை இறுதியாகத் தீர்மானிப்பது, வெறுமையான விந்தகம் ஒன்றில் குடியேறி மீண்டும் விந்தாக்கத்தைத் தொடங்கும் அதன் திறன் மட்டுமே. ஆகவே இடமும் உருவமும், அடையாளப் புரதங்கள், செயல்திறன் என்னும் மூன்று அடுக்குச் சான்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரட்டும் வகையில் கீழ்வரும் படிகள் அமைந்துள்ளன.

முதற்படி: விலங்கையும் வயதையும் தேர்ந்தெடுத்தல்

முதிர்ந்த விலங்கின் விந்தகத்தில் விந்தணுவாகும் பாதையின் எல்லா நிலைச் செல்களும் நிறைந்திருப்பதால், ஸ்டெம் செல்கள் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். பருவமடையாத குட்டியின் நுண்குழலிலோ செர்டோலி செல்களின் (இனப்பெருக்கச் செல்களைத் தாங்கிப் பேணும் உடல் செல்கள்) முன்னோடிகளும் தொடக்கநிலை இனப்பெருக்கச் செல்களும் மட்டுமே இருக்கும். விகிதாச்சாரம் நமக்குச் சாதகமாக அமையும். ஐரோப்பிய இனக் காளைக்கன்றுகளில் 4 முதல் 6 மாத வயது பரவலாகப் பின்பற்றப்படுகிறது. கருவிலிருந்து வந்த கோனோசைட்டுகள் குழலின் நடுப்பகுதியிலிருந்து நகர்ந்து அடித்தளச் சவ்வில் அமர்ந்து, விந்துத் தாய்ச்செல்களாக மாறி முடியும் பருவம் ஏறத்தாழ அதுவே. பன்றிக்குட்டியில் பிறந்த முதல் சில வாரங்களில் கோனோசைட்டுகள்தாம் கிடைக்கும். அவற்றை ஸ்டெம் செல்களோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. அவை ஸ்டெம் செல்களின் முன்னோடிகள்.

நம் நாட்டு ஆய்வாளர்கள் இந்த வயதுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வது சரியாகாது. எருமையும் நாட்டு மாட்டினங்களும் பருவமடையக் கூடுதல் காலம் எடுத்துக்கொள்வதால், ஹோல்ஸ்டீன் கன்றுக்கு எழுதப்பட்ட செய்முறையின் வயதை முரா எருமைக் கன்றுக்குப் பொருத்தினால், விந்துத் தாய்ச்செல்லைத் தேடும் இடத்தில் கோனோசைட்டுகளே மிகுந்திருக்கக் கூடும். எனவே எந்த இனத்தில் பணியைத் தொடங்கினாலும், வெவ்வேறு வயதுகளில் சில விந்தகங்களைச் சீவிப் பார்த்து, செல்கள் சவ்வை வந்தடையும் வயதை முதலில் நீங்களே வரையறுத்துக்கொள்வது நல்லது. மாட்டுக்கன்றின் விந்தகம் பல மாநிலங்களில் சட்டப்படி கிடைப்பது அரிது என்பதால், இந்தியாவில் எருமையும் வெள்ளாடுமே நடைமுறைக்கு ஏற்றவை. கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் பருவமடையாத எருமைக் கன்றுகளின் செல்களை வைத்து இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. வெள்ளாட்டைப் பொறுத்தவரை இறைச்சிக்கூடமே எளிய வழி. காயடிப்பின்போது அறுவை முறையில் அகற்றப்படும் விந்தகங்களையும் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துப் பெற்றுக்கொள்ளலாம். பர்டிசோ கருவியால் நசுக்கும் முறையில் விந்தகம் வெளியே வராது என்பதால் அது நமக்குப் பயன்படாது.

இரண்டாம்படி: திசுவைக் கொண்டுவருதல்

விந்தகத்தை உறையோடு எடுத்து, ஆன்டிபயாடிக் கலந்த குளிர்ந்த பாஸ்பேட் உப்புக் கரைசலில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். சீவல்களுக்கான துண்டுகளை மட்டும் இறைச்சிக்கூடத்திலேயே வெட்டி நிலைநிறுத்தும் திரவத்தில் போட்டுவிடுவது சிறந்தது. பயணத்தில் ஏற்படும் சிதைவு உருவத்தைத்தான் முதலில் கெடுக்கும். விலங்கின் இனம், வயது, உடல் எடை, இரு விந்தகங்களின் தனித்தனி எடை ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்கூடத்தில் சொல்லப்படும் வயது பெரும்பாலும் தோராயமானது; பல்லைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வதோடு, விந்தக எடையை வயதுக்குத் துணைச் சான்றாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மூன்றாம்படி: சீவலில் இடத்தையும் உருவத்தையும் காணுதல்

5 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக வெட்டி, ஒரு பகுதியை போவாங் திரவத்திலும் மற்றொரு பகுதியை 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடிலும் நிலைநிறுத்துங்கள். உட்கருவின் நுட்பங்களைப் போவாங் அழகாகக் காத்துத் தரும். ஆனால் பல எதிர்ப்பொருள்கள் அதில் சரியாக ஒட்டுவதில்லை. ஆகவே உருவத்துக்கு ஒன்று, சாயமேற்றலுக்கு ஒன்று என இரண்டும் தேவைப்படும். 5 மைக்ரான் தடிமனில் சீவி, ஹீமட்டாக்ஸிலின்–இயோசின் சாயமிட்டு நுண்ணோக்கியில் வையுங்கள்.

பருவமடையாத கன்றின் குழல் குறுக்குவெட்டில் நடுத்துளை இன்னும் திறந்திருக்காது. சவ்வை ஒட்டி நெருக்கமாக அடுக்கிய நீள்வட்ட உட்கருக்கள் தெரிந்தால் அவை வளர்ச்சியடையாத செர்டோலி செல்கள். குழலை நிறைத்திருப்பவையும் அவைதான். அவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக, தெளிவான வட்ட உட்கருவும் அதைச் சுற்றி வெளிறிய சைட்டோபிளாசமும் கொண்ட பெரிய செல் ஒன்று தனித்துத் தெரியும். அது சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தால் விந்துத் தாய்ச்செல். சவ்விலிருந்து விலகிக் குழலின் நடுவே நின்றால் பெரும்பாலும் கோனோசைட். பல குறுக்குவெட்டுகளில் இத்தகைய செல்லே காணப்படாமலும் போகும். அதனால் குறைந்தது நூறு வட்டக் குறுக்குவெட்டுகளையாவது எண்ணி, ஒரு குழலுக்கு எத்தனை செல், அவற்றில் சவ்வைத் தொடுபவை எத்தனை என்று பதிவு செய்ய வேண்டும். பின்னர் செய்யப்போகும் எல்லாப் பிரிப்பு வேலைகளுக்கும் ஒப்பீட்டு அளவாக நிற்கப்போவது இந்த எண்ணிக்கையே என்பதால், மாதிரியின் பெயர் தெரியாத ஒருவர் இதை எண்ணுவது முறையாகும்.

நான்காம்படி: அடையாளப் புரதங்களால் சாயமேற்றுதல்

ஒரு புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளோடு ஒளிர்சாயத்தைச் சேர்த்து, எந்தச் செல் ஒளிர்கிறது என்று பார்ப்பதே இந்தப் படி. ஆய்வேடுகளில் அதிகம் தடுமாற்றம் காணப்படும் இடம் இது என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலில் வாசா என்னும் புரதம். இது இனப்பெருக்கச் செல்கள் அனைத்திலும் உண்டு. உடல் செல்களில் இல்லை. நாம் பார்க்கும் செல் இனப்பெருக்க வழியைச் சேர்ந்ததுதானா என்ற கேள்விக்கு மட்டும் இது விடை தரும். அடுத்து, உட்கருவில் அமரும் பிஎல்இசட்எஃப் என்ற புரதம் வேறுபாடடையாத விந்துத் தாய்ச்செல்களைச் சுட்டுகிறது. சைட்டோபிளாசத்தில் காணப்படும் யூசிஹெச்எல்1 என்ற புரதம் மாடு, பன்றி, எருமை ஆகியவற்றில் கோனோசைட்டுகளையும் விந்துத் தாய்ச்செல்களையும் பளிச்சென்று காட்டும். செர்டோலி செல்கள் சுரக்கும் ஜிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியே ஸ்டெம் செல்களைப் பேணிக் காக்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் சுண்டெலியில் காட்டப்பட்டது. அக்காரணியை ஏற்கும் ஜிஎஃப்ஆர்ஏ1 என்ற ஏற்பியும் அதனால் முக்கியமான அடையாளமாகிறது. எதிர்மறைச் சான்றாக, செர்டோலி செல்லுக்கு காட்டா4 அல்லது சாக்ஸ்9, இடைத்திசுச் செல்களுக்கு விமென்டின், வேறுபாடடையத் தொடங்கிய விந்துத் தாய்ச்செல்களுக்கு கிட் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். விமென்டின் செர்டோலி செல்களிலும் உண்டு என்பதையும், கிட் இடைத்திசுவிலுள்ள லேடிக் செல்களிலும் வெளிப்படும் என்பதையும் நினைவில் வைத்து, ஒளியைப் பார்த்தவுடன் அது குழலுக்கு உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். யூசிஹெச்எல்1-க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது நரம்புகளின் பழைய அடையாளப் புரதம் என்பதால், இடைத்திசுவில் ஓடும் நரம்பிழைகளும் ஒளிரும்.

பன்றி, மாடு ஆகியவற்றின் இளம் விந்தகங்களில் பெரிதும் பயன்படும் மற்றொரு பொருள், நம் ஊர்க் கொள்ளு விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் லெக்டின். ஏ ரத்த வகையின் உட்பிரிவை அறிய ரத்த வங்கிகளில் பயன்படுவதும் இதே புரதந்தான். செல்லின் மேற்பரப்பில் உள்ள என்-அசெட்டில் கேலக்டோசமின் என்ற சர்க்கரையை இது தேடிப் பற்றிக்கொள்கிறது. கோனோசைட்டுகளிலும் ஏ-வகை விந்துத் தாய்ச்செல்களிலும் அச்சர்க்கரை வெளித்தெரியும்படி இருப்பதால், அவை மட்டும் ஒளிவளையம் பூண்டு நிற்கும். இதன் நம்பகத்தன்மையைச் சோதிப்பதும் எளிது. லெக்டின் கரைசலில் அதே சர்க்கரையை 0.2 மோலார் செறிவில் முன்னதாகக் கலந்து ஒரு சீவலில் இட்டால் ஒளி முழுவதும் மறைய வேண்டும். மறையாமல் எஞ்சும் ஒளி, லெக்டின் வேறெதிலோ ஒட்டியதால் வந்ததாகும். விலையுயர்ந்த எதிர்ப்பொருளைக் காட்டிலும் இவ்வளவு தெளிவான கட்டுப்பாட்டுச் சோதனை அமைந்த இந்த லெக்டினைத் தொடக்கநிலை ஆய்வகங்கள் முதலில் முயல்வதே விவேகம். ஆனால் ஓர் இனத்தில் பலித்தது மற்றோர் இனத்திலும் பலிக்கும் என்று கொள்ளாமல், இனந்தோறும் வயதுதோறும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பொருள்களின் சிக்கல் வேறு வகையானது. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மனித அல்லது சுண்டெலிப் புரதத்தை எதிர்த்துத் தயாரிக்கப்பட்டவை. வெள்ளாட்டில் அவை சரியான புரதத்தைத்தான் பற்றுகின்றனவா என்பதை, விந்தகப் புரதத்தை வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் அறியும் சோதனை) செய்து எதிர்பார்த்த எடையில் ஒற்றைப் பட்டை வருகிறதா என்று பார்த்த பிறகே சீவலுக்குப் போக வேண்டும். பாராஃபின் சீவல்களை 10 மில்லிமோலார் சிட்ரேட் கரைசலில், காரகாடித்தன்மை 6.0-இல், சூடாக்கிப் புரத முனைகளை வெளிக்கொணர்வது வழக்கம். முதன்மை எதிர்ப்பொருள் இடாத சீவல், அதே விலங்கின் சாதாரண இம்யூனோகுளோபுலின் இட்ட சீவல் ஆகிய இரண்டும் ஒவ்வொரு முறையும் உடன் செல்ல வேண்டும். ஓசிடி4 என்ற புரதத்தைத் தனிச் சான்றாக முன்வைக்கும் கட்டுரைகளை நான் ஐயத்தோடே படிப்பேன். அதன் மரபணுவுக்குப் போலி நகல்கள் பல இருப்பதால் ஆர்என்ஏ அளவிலும், எதிர்ப்பொருள்களின் தரத்தால் புரத அளவிலும், பொய்யான ஒளி அடிக்கடி தோன்றுகிறது.

ஒரே சீவலில் இரட்டைச் சாயமேற்றல் செய்வதே இந்தப் படியின் இலக்கு. வாசாவும் பிஎல்இசட்எஃப்பும் ஒருங்கே ஒளிர்ந்து, காட்டா4 ஒளிராமல், சவ்வைத் தொட்டபடி நிற்கும் செல்லை வேறுபாடடையாத விந்துத் தாய்ச்செல் என்று துணிந்து எழுதலாம். வசதியிருந்தால், நுண்குழல்களைச் சீவாமல் முழு நீளத்துக்குப் பிரித்துப் பிஎல்இசட்எஃப் சாயமேற்றிப் பாருங்கள். குறுக்குவெட்டில் தனிச்செல்லாகத் தெரிந்தது, நீளவாக்கில் எட்டுச் செல் சங்கிலியின் ஒரு கண்ணியாக இருக்கக் கூடும். சங்கிலியின் நீளத்தைக் காட்டுவது இம்முறை மட்டுமே.

ஐந்தாம்படி: செல்களைப் பிரித்துச் செறிவூட்டுதல்

விந்தகத்தின் வெண்ணுறையை உரித்தால் உள்ளே நுண்குழல்கள் இடியாப்பம் போலச் சிக்கிக் கிடக்கும். அவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கி, ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கொலாஜினேசும் சிறிது டிஎன்ஏஸும் கலந்த ஊடகத்தில் 37 டிகிரி செல்சியஸில், அவ்வப்போது ஆட்டியபடி 20 முதல் 30 நிமிடம் வைத்தால், இடைத்திசுச் செல்கள் கழன்றுவிடும். குழல்களைத் தானாகப் படியவிட்டு மேல்நீரை நீக்குங்கள்; லேடிக் செல்களில் பெரும்பங்கு அதோடு போய்விடும். இரண்டாவது செரிப்பில் கொலாஜினேசோடு ஹயலுரானிடேசும் டிரிப்சினும் சேர்த்துக் குழல்களைத் தனிச்செல்களாக்க வேண்டும். டிரிப்சினை அளவு மீறிப் பயன்படுத்தினால் செல்லின் மேற்பரப்புப் புரதங்கள் அறுபட்டு, பின்னர் தை1 என்ற மேற்பரப்புப் புரதத்தையோ ஜிஎஃப்ஆர்ஏ1-ஐயோ கொண்டு பிரிக்கும்போது ஒன்றும் ஒட்டாமல் போகும். கரைசல் பிசுபிசுப்பாக நூலாக இழுத்தால் செல்கள் உடைந்து டிஎன்ஏ வெளிவந்திருக்கிறது என்று பொருள். உடனே டிஎன்ஏஸ் கூடுதலாகச் சேருங்கள். 70, பிறகு 40 மைக்ரான் வலைகளில் வடிகட்டி, டிரிபன் நீலத்தால் உயிருள்ள செல்களை எண்ணுங்கள்.

செறிவூட்டலில் எளியது ஒட்டுத்திறன் வேறுபாட்டு முறை. செர்டோலி செல்களும் நார்ச்செல்களும் பிளாஸ்டிக் தட்டில் விரைந்து ஒட்டிக்கொள்ளும். இனப்பெருக்கச் செல்கள் ஓர் இரவு கழிந்தும் மிதந்துகொண்டோ, ஒட்டிய செல்களின் மேல் இலேசாக அமர்ந்தோ இருக்கும். தட்டில் ஊமத்தைக் குடும்பத்துச் செடியொன்றின் லெக்டினைப் பூசினால் செர்டோலி செல்கள் இன்னும் உறுதியாகப் பிடிபடும். அடுத்ததாக பெர்கால் அடர்த்திச் சரிவில் சுழற்றுவதும், காந்த மணிகளாலோ ஒளிர்சாயக் கருவியாலோ தை1 உள்ள செல்களைப் பிரிப்பதும் உண்டு. உயிரோடு பிரிக்க மேற்பரப்புப் புரதங்களே உதவும் என்பதையும், பிஎல்இசட்எஃப், யூசிஹெச்எல்1 ஆகியவற்றுக்குச் சாயமேற்றினால் செல் இறந்துவிடும் என்பதையும் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ளுங்கள். தை1 நார்ச்செல்களிலும் உண்டு. ஆகையால் ஒட்டுத்திறன் முறையில் நார்ச்செல்களை முதலில் கழித்துவிட்டுத்தான் காந்தப் பிரிப்புக்குச் செல்ல வேண்டும். வரிசை மாறினால் கிடைக்கும் செறிவூட்டல் பொய்யானது.

ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, யூசிஹெச்எல்1 அல்லது பிஎல்இசட்எஃப் ஒளிரும் செல்களின் விழுக்காட்டை எண்ணுங்கள். மரபணு வெளிப்பாட்டை அளக்கும் பிசிஆர் இதற்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது. பிஎல்இசட்எஃப் ஆர்என்ஏ நான்கு மடங்கு உயர்ந்தது என்ற செய்தி, எத்தனை செல்கள் அதைக் கொண்டிருந்தன என்பதைச் சொல்லாது.

ஆறாம்படி: வளர்ப்பூடகத்தில் கவனித்தல்

ஜிடிஎன்எஃப் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 நானோகிராம் அளவில் சேர்த்த ஊடகத்தில் சில நாட்களில் செல்கள் சிறு கொத்துகளாகத் திரளும். சுண்டெலியில் 2003-இலேயே இச்செல்களை நெடுங்காலம் வளர்த்துக் காட்டினார்கள்; கால்நடைகளில் அந்த அளவுக்கு நிலையான வளர்ப்பு இன்னும் கடினமாகவே உள்ளது. உடல் செல்களும் கொத்தாகத் திரளும் என்பதால், கொத்தின் படத்தைச் சான்றாக வைக்குமுன் அதை வாசாவுக்கும் விமென்டினுக்கும் சாயமேற்றிப் பார்த்தாக வேண்டும்.

ஏழாம்படி: இடமாற்றச் சோதனை

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பிரின்ஸ்டரும் அவருடைய குழுவினரும் 1994-இல் ஒரு சுண்டெலியின் விந்தகச் செல்களை வேறொரு மலட்டுச் சுண்டெலியின் நுண்குழல்களுக்குள் செலுத்தி, அங்கே விந்தாக்கம் நிகழ்வதைக் காட்டினர். ஸ்டெம் செல்லை அதன் செயலால் அறியும் வழி அன்றுதான் கிடைத்தது. கால்நடைச் செல்களுக்கும் அதே சோதனையைச் சற்று மாற்றிப் பயன்படுத்துகிறோம்.

நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய சுண்டெலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் பியூசல்ஃபான் கொடுத்து, அதன் சொந்த இனப்பெருக்கச் செல்கள் அழிய நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். பிறகு விந்தகத்திலிருந்து வெளியேறும் நாளத்தின் வழியாக, ஏறத்தாழ 10 மைக்ரோலிட்டர் செல் கரைசலைச் சிறிது டிரிபன் நீலத்தோடு கலந்து நுண்ணூசியால் செலுத்துங்கள். நீலம் விந்தகப் பரப்பில் நரம்போட்டமாகப் பரவுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நுண்குழல்கள் எவ்வளவு நிரம்பின என்பதை அப்போதே குறித்துக்கொள்ளாவிட்டால், பிறகு எண்ணும் குடியேற்றங்களை ஒப்பிட முடியாது. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இந்தப் படியைத் தொடவே கூடாது.

இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து விந்தகத்தை எடுத்து, கொடை விலங்கின் செல்லை மட்டும் அறியும் எதிர்ப்பொருளால் முழுக்குழல் சாயமேற்றல் செய்யுங்கள். கொடைச் செல்களின் மேற்சவ்வில் முன்னரே ஏற்றிய பிகேஹெச்26 போன்ற சாயத்தை மட்டும் நம்புவது ஆபத்து. ஒவ்வொரு பிரிவிலும் சாயம் பாதியாகக் குறையும், இறந்த செல்லின் சாயத்தை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவுச் செல்லும் ஒளிரும். அடித்தளச் சவ்வின் மேல் சங்கிலியாகவும் வலையாகவும் பரவியிருக்கும் செல்கூட்டமே குடியேற்றமாகும். செலுத்திய ஒரு லட்சம் செல்லுக்கு எத்தனை குடியேற்றங்கள் என்று கணக்கிட்டு, செறிவூட்டாத செல்களுக்குக் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டால், ஐந்தாம்படியில் நாம் உண்மையிலேயே செறிவூட்டியது எது என்பது விளங்கிவிடும். ஊடகம் மட்டும் செலுத்திய விந்தகங்களையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

எலியின் செல்கள் சுண்டெலியின் விந்தகத்தில் விந்தணு வரை வளரும். மாடு, பன்றி, குதிரை ஆகியவற்றின் செல்கள் குடியேறிப் பெருகுமேயன்றி விந்தணுவாவதில்லை. இனங்களுக்கிடையிலான பரிணாம இடைவெளியே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. எனவே விந்தணு தோன்றவில்லை என்பதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டாம். இந்தச் சோதனை விடை சொல்வது குடியேறும் திறனுக்கு மட்டுமே. பன்றி, வெள்ளாட்டுக் குட்டிகளின் விந்தகத் துண்டுகளைச் சுண்டெலியின் முதுகுத் தோலடியில் வைத்து விந்தணு பெற்றதாக 2002-இல் வந்த ஆய்வு புகழ்பெற்றது. ஆயினும் அங்கே செர்டோலி செல்களும் உடன் சென்றதால், தனிச்செல்லின் அடையாளத்துக்கு அதைச் சான்றாகக் காட்ட இயலாது.

முழுமையான சான்று வேண்டுமானால் அதே இன விலங்குக்கே இடமாற்றம் செய்ய வேண்டும். காளை, கிடாய் ஆகியவற்றில் விந்தகத்தின் நடுவே உள்ள வலைப்பகுதிக்குள் அல்ட்ராசவுண்ட் துணையோடு ஊசி செலுத்தப்படுகிறது. வெள்ளாட்டில் கொடைச் செல்லின் மரபு அடுத்த தலைமுறைக்குச் சென்றதை 2003-இல் காட்டினர். நானோஸ்2 மரபணு நீக்கப்பட்ட ஆண் விலங்குகளில் சொந்த இனப்பெருக்கச் செல்கள் இல்லாமல் குழல்கள் மட்டும் நலமாக இருப்பதால், பியூசல்ஃபானோ கதிர்வீச்சோ தேவைப்படுவதில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஓட்லி குழுவினர் 2020-இல் இத்தகைய பன்றிகளிலும் வெள்ளாடுகளிலும் கொடைச் செல்லிலிருந்து விந்தாக்கம் நிகழ்வதைக் காட்டினர்.

எட்டாம்படி: எழுதுதலும் சேமித்தலும்

நான்காம்படியோடு நின்ற ஆய்வில் வேறுபாடடையாத விந்துத் தாய்ச்செல் என்றும், ஆறாம்படி வரை சென்றதில் உத்தேச ஸ்டெம் செல் என்றும், குடியேற்றத்தை எண்ணிய பிறகே விந்தணு ஸ்டெம் செல் என்றும் எழுதுங்கள். எதிர்ப்பொருளின் நிறுவனப் பட்டியல் எண், தொகுதி எண், நீர்த்தல் அளவு, விலங்கின் வயது ஆகியவை முறைகள் பகுதியில் தவறாமல் இடம்பெற வேண்டும். தொகுதி மாறினாலே முடிவு மாறிவிடுவது இத்துறையில் புதிதன்று.

ஒரே விலங்கின் செறிவூட்டிய செல்களில் ஒரு பங்கை, 10 விழுக்காடு டிஎம்எஸ்ஓ கலந்த ஊடகத்தில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரவைத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் சேமித்துவையுங்கள். சாயமேற்றலின் முடிவும் இடமாற்றத்தின் முடிவும் ஒன்றோடொன்று முரண்படும்போது, அதே செல்களைக் கொண்டு இரண்டையும் மீண்டும் செய்து பார்க்க அவை தேவைப்படும்.